பலர் கூடி எழுதிய மென்பொருள் யாருக்கு உரியது?

வைகாசிப் பொங்கல் நாளில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயத்துக்குச் செல்வோர் வழியெங்கும் அன்னதானப் பந்தல்களைக் காண்பர். ஒருவர் அரிசி கொடுப்பார். இன்னொருவர் காய்கறி கொடுப்பார். கொடுக்கப் பொருளில்லாதவர் அடுப்பருகே நின்று உழைப்பார். சோறு இலையில் விழுந்த பின்னர், எந்தப் பருக்கை யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. பலர் கூடி எழுதும் திறமூல மென்பொருளும் பார்வைக்கு இத்தகையதே. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது அவ்வாறன்று. அங்கே ஒவ்வொரு பருக்கைக்கும் உரியவர் ஒருவர் இருக்கிறார்.

இதனை விளங்கிக்கொள்ள வெளிநாட்டு உதாரணம் தேடவேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை, முல்லைத்தீவு உட்பட இலங்கையின் கரையோரங்களில் 30,000 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்வதற்கென இலங்கையின் தன்னார்வ மென்பொருளாளர்கள் கூடி உருவாக்கியதே ‘சஹானா’ என்னும் மென்பொருள். சிங்களத்தில் இதன் பொருள் நிவாரணம் என்பதாகும். 2005 இல் பாகிஸ்தானிலும் 2010 இல் ஹெயிட்டியிலும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அது அங்கும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்கு வழங்கியது. எழுதியவர்கள் ஒவ்வொருவரையும் தேடி அனுமதி கேட்காமலே ஒரு மென்பொருள் நாடு விட்டு நாடு சென்றது எவ்வாறு? அதனுடன் சேர்த்து வெளியிடப்பட்ட உரிமமே அதற்குக் காரணம்.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் பதிப்புரிமைக்குரிய ஆக்கமாகவே கொள்கிறது. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. ஆக்கியோன் மறைந்த பின்னரும் 70 ஆண்டுகளுக்கு அது நிலைத்திருக்கும். தொழிலின் பகுதியாக எழுதியதாயின், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பொருளாதார உரிமை தொழில்தருநருக்கே சேரும். எனவே நூறு பேர் எழுதிய மென்பொருளில் நூறு உரிமையாளர்கள் இருக்கலாம். அவர்களில் எவரும் தமது உரிமையைக் கைவிடுவதில்லை. இன்ன நிபந்தனைகளின் கீழ் எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்று முன்கூட்டியே அனுமதி மட்டும் அளிக்கிறார்கள்.

அந்த நிபந்தனைகள் இருவகைப்படும். எம்.ஐ.டி. போன்ற தளர்வான உரிமங்கள், ஆக்கியோனின் பெயரையும் உரிமக் குறிப்பையும் அகற்றாதிருந்தாற் போதும் என்கின்றன. குனூ பொது உரிமமோ, திருத்திய மென்பொருளைப் பிறருக்கு வழங்குபவர் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தின் கீழ் வழங்கவேண்டும் என்கிறது. பெற்றதைப் பூட்டி வைக்காதே என்பதே அதன் சாரம்.

பங்களிப்பவரின் நிரலை ஒரு திட்டம் ஏற்றுக்கொள்ளும் முறைகள் மூன்று. முதலாவது, எந்த உரிமத்தில் மென்பொருள் வெளிச்செல்கிறதோ அதே உரிமத்தில் பங்களிப்பும் உள்வருவது. லினக்ஸ் கருநிரல் இவ்வழியைப் பின்பற்றுகிறது. இந்நிரலைத் தருவதற்குத் தமக்கு உரிமை உண்டெனப் பங்களிப்பவர் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் பெயரிட்டு உறுதிப்படுத்தும் நடைமுறை அங்கே 2004 இல் ஏற்பட்டது. இரண்டாவது, உரிமையைத் தாமே வைத்துக்கொண்டு, திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கு விரிந்த அதிகாரங்களை வழங்கும் பங்களிப்பாளர் ஒப்பந்தம். மூன்றாவது, உரிமையையே எழுத்து மூலம் ஓர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பது.

இவற்றிடையேயான வேறுபாடு, உரிமத்தை மாற்றவேண்டி வரும்போதே புலப்படும். 2007 இல் குனூ பொது உரிமத்தின் 3 ஆம் பதிப்பு வெளிவந்தபோதும் லினக்ஸ் 2 ஆம் பதிப்பிலேயே நின்றது. புதிய பதிப்பின் நிபந்தனைகளை லினஸ் டோர்வால்ட்ஸ் விரும்பவில்லை என்பது ஒருபுறமிருக்க, விரும்பியிருந்தாலும் மாற்றுவது அரிது. ஆயிரக்கணக்கான பங்களிப்பாளர்களின் சம்மதத்தை எங்கே சென்று பெறுவது? அவர்களில் சிலர் மறைந்தும் விட்டனர். மாறாக, 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் ஏனைய மொழி விக்கிப்பீடியாக்களும் 2009 இல் குனூ ஆவண உரிமத்திலிருந்து கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்துக்கு மாற முடிந்தது. பழைய உரிமக் குறிப்பில் ‘அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு’ என்னும் சொற்கள் இருந்தமையும், 2008 இல் வந்த பிந்திய பதிப்பு அம்மாற்றத்துக்கு இடமளித்தமையுமே அதற்கு வழிசெய்தன.

அதிகாரத்தை ஒரே கையில் ஒப்படைப்பதிலும் ஆபத்து உண்டு. ஹாஷிகோர்ப் என்னும் அமெரிக்க நிறுவனம், பங்களிப்பாளர் ஒப்பந்தங்களைப் பெற்று வளர்த்த டெராபோம் மென்பொருளை 2023 ஓகஸ்டில் வர்த்தகக் கட்டுப்பாடுள்ள உரிமத்துக்கு மாற்றியது. ஆயினும் அதற்கு முன் வெளியான பிரதிகளின் அனுமதியை அதனால் மீளப்பெற முடியவில்லை. அப்பிரதியைக் கொண்டே ஓப்பன்டோபு என்னும் கிளை உருவானது. கொடுத்த அனுமதி நிலைப்பதே திறமூலத்தின் காப்பு எனலாம்.

வன்னியிலோ வேறெங்கோ தமிழ் மென்பொருள் எழுதக் கூடும் இளைஞர்களுக்கு இதில் பாடம் உண்டு. முதல் நாளிலேயே உரிமத்தைத் தெரிந்து கோப்பில் எழுதிவையுங்கள். உரிமம் குறிப்பிடாத நிரல், இணையத்தில் எவர் கண்ணிலும் படக்கூடியதாயினும், சட்டப்படி பிறர் எடுத்தாள முடியாததே. யார் எதை எழுதினார் என்ற பதிவைப் பேணுங்கள். வேலைக்குச் செல்வோர் தொழில்தருநரின் இசைவை எழுத்தில் பெறட்டும்.

2009 வரை நீடித்த போரில் இடம்பெயர்ந்து, உலகெங்கும் சிதறிய மக்கள் நாம். இன்று அருகிருந்து எழுதுபவரை நாளை தேடிக் கண்டுபிடிக்க இயலாமற் போகலாம் என்பதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அனைவரும் கூடியிருக்கும்போது எழுதிவைக்கும் ஒரு பக்க உரிமமே, அவர்கள் பிரிந்த பின்னரும் அவர்களது உழைப்பைப் பிறருக்குப் பயன்பட வைக்கும்.