முப்பது ரூபாய் எழுத்தர்

துறைமுகத்தையொட்டிய நம் மண்ணடி, ராயபுரம் இல்லங்களில் ஒரு காட்சி அடிக்கடி நிகழ்கிறது. பட்டம் பெற்ற மகன் மூன்றாவது நேர்முகத் தேர்விலும் தோற்றுத் திரும்புகிறான். அல்லது எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்த வேலையொன்றில் சேர்ந்துவிட்டு, "இதற்காகவா படிக்க வைத்தோம்?" என்ற கேள்விக்குத் தலைகுனிந்து நிற்கிறான். அத்தகைய பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும், இதே துறைமுகத்தில் கணக்கெழுதிய ஓர் இளைஞரின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம். அவர் சீனிவாச ராமானுஜன்.

மேதை என்றே அவரை அறிந்திருக்கிறோம். ஆனால் இருபது வயதில் அவர் கல்லூரியில் தோற்ற பிள்ளை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர எதையும் படிக்காததால் உதவித்தொகையை இழந்தார். 1905-இல் எவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். காணாமற்போன மகனைத் தேடிக் குடும்பத்தார் 'தி ஹிந்து' நாளிதழை நாடினர். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1907-இல் மீண்டும் எழுதினார், மீண்டும் தோல்வி. இதில் அவர் பிழையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பிற பாடங்களை அவர் புறக்கணித்தது உண்மை; அதற்கான விலையையும் அவரே கொடுத்தார்.

1909-இல் திருமணமும் ஆயிற்று. கையில் இருந்தவை சில குறிப்பேடுகள் மட்டுமே. அவற்றைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு வாசலாகச் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. ராமசுவாமி ஐயரைத் திருக்கோவிலூரில் சந்தித்தார். எழுத்தர் வேலைதான் கேட்டார். நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்து ஆதரித்தார். ஆயினும் பிறர் பணத்தில் நெடுநாள் வாழ ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. வேலை தேடிக்கொண்டேயிருந்தார்.

1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். படிப்பு தடைப்பட்டதை விண்ணப்பத்தில் மறைக்கவில்லை. மார்ச் 1 அன்று பணியில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

அந்தச் சிறிய வேலைதான் அவருக்குக் காலூன்ற இடமளித்தது. மேலதிகாரி நாராயண ஐயர் தாமும் கணிதம் கற்றவர். மாலை வேளைகளில் இருவரும் பலகைகளோடு அமர்வர். ராமானுஜன் பல படிகளைத் தாண்டி விடைக்குப் போய்விடுவார். நமக்குப் புரியும்படி இறங்கி வந்து எழுதுங்கள் என்று ஐயர் வற்புறுத்துவார். தம் அறிவைப் பிறர் ஏற்கும் வடிவில் வைப்பதும் தொழில் வளர்ச்சியே. பட்டம் பெறாத அவர் அதைக் கற்றது இங்கேதான். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணைநின்றார்.

இங்கிலாந்துக்கு எழுதிய கடிதங்களுக்கு கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவர் ஆதரவு காட்டவில்லை. 1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதினார். துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர், ஆண்டுச் சம்பளம் 20 பவுன் மட்டுமே என்றுதான் அக்கடிதம் தொடங்கியது. இம்முறை பதில் வந்தது. அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது, எஃப்.ஏ. தேறாதவருக்கு!

ராயபுரத்தில், கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன் முயற்சியால் 1993-இல் உருவான ராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டது, அவர் கணக்கெழுதிய அதே துறைமுகத்திலிருந்து.