சம்பூர்: அனல் போனது, நிலம் எங்கே?

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக்குடாவின் மறுகரையில் இருக்கிறது சம்பூர். மகாவலி கடலில் கலப்பதும் இந்தக் குடாவில்தான். வயல், சேனைப்பயிர், மாடு, மீன்பிடி ஆகியவற்றை நம்பி வாழ்ந்த ஊர் இது. கடந்த இருபது ஆண்டுகளில் போர், பாதுகாப்பு, மின்சாரம் என்று மூன்று பெயர்களில் இதன் நிலம் கேட்கப்பட்டது. மூன்று முறையும் ஊர் மக்கள் ஒரே கேள்வியைத்தான் எதிர்கொண்டார்கள்: எங்கள் நிலத்தைப் பற்றி முடிவெடுப்பது யார்?

இடம்பெயர்வு

2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கின் மீது வான்வழித் தாக்குதலும் எறிகணை வீச்சும் தொடங்கின. மக்கள் வாகரை ஊடாக மட்டக்களப்புக்குச் சென்றனர். செப்டெம்பரில் இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. 2007 மே மாதம் வெளியான வர்த்தமானி, ஊரை உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. திரும்பிவர முடியாதவர்கள் கிளிவெட்டி உள்ளிட்ட தற்காலிக முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

நிலக்கரித் திட்டம்

மக்கள் வெளியேறிய சில மாதங்களிலேயே, 2006 டிசம்பரில், இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் நிறுவனமும் திருகோணமலையில் 500 மெகாவோட் அனல்மின் நிலையம் அமைக்க உடன்பட்டன. அதற்குத் தெரிவான இடம் சம்பூர். 2011இல் இதற்கெனக் கூட்டு நிறுவனம் ஒன்றும் உருவானது. நிலத்தின் சொந்தக்காரர்கள் அப்போதும் முகாமில்தான் இருந்தார்கள்.

நிலக்கரியை எரித்தால் புகை மட்டும் வருவதில்லை. எஞ்சும் சாம்பலில் ஆர்சனிக், பாதரசம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கும். சாம்பலைச் சரியாகத் தேக்கிவைக்காவிட்டால் அது காற்றில் பறந்து பயிரில் படியும். நிலத்தடி நீரில் கசிந்து கிணறுகளைக் கெடுக்கும். நிலையத்தைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும்போது மீன்முட்டைகளும் குஞ்சுகளும் அதோடு போய்விடும். சூடான நீர் திரும்பக் கடலில் விடப்படுவதால் கரையோர மீன்வளமும் பாதிக்கப்படும். புத்தளம் நுரைச்சோலை நிலையத்தைச் சுற்றியுள்ள விவசாயிகள் சாம்பல் தூசியைப் பற்றி நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள்.

2015இல் ஆட்சி மாறியபின், முதலீட்டு வலயத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்த 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் கட்டங்களாகக் கைமாறியது. திரும்பியவர்கள் காடுமண்டிய காணிகளைத் துப்புரவாக்கி, கிணறுகளை இறைத்து, கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கினர். அந்த நிலையிலும் மூதூரிலும் சம்பூரிலும் நிலக்கரிக்கு எதிராக வீதியில் இறங்கினர். சூழல் அமைப்பினர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2016 செப்டெம்பரில், திட்டம் முன்னெடுக்கப்படமாட்டாது எனச் சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்துக்கு அறிவித்தது.

சூரியமின் வந்தது

அனல்மின் நிலையம் நின்றது. அதற்கென ஒதுக்கிய சுமார் 500 ஏக்கர் மட்டும் உரிமையாளர்களுக்குத் திரும்பவில்லை. 2022 மார்ச்சில் அதே இரு நிறுவனங்களும் அங்கே சூரியமின் நிலையம் அமைக்க உடன்பட்டன. 120 மெகாவோட் கொண்ட அந்தத் திட்டத்தை 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்கவும் கொழும்பிலிருந்து ஆரம்பித்து வைத்தனர்.

சூரியமின்னில் புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. நிலக்கரியைவிட அது நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பரந்த நிலம் வேண்டும். வேலியடைத்த நிலத்தில் மாடு மேயாது, விறகு பொறுக்க முடியாது, சேனை செய்ய முடியாது. காற்றைக் காப்பாற்றும் திட்டம் என்பதால் நிலத்தின் கேள்வி தானாகத் தீர்ந்துவிடாது. சுத்தமான மின்சாரத்துக்கும் சுத்தமான உறுதி வேண்டும்.

மக்கள் கையிலுள்ள சட்டங்கள்

சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் திட்டங்களின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது தேசிய சுற்றாடல் சட்டம். அறிவித்தல் வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எவரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வரவேண்டும். சிறிய அளவிலான ஆரம்ப சூழல் பரிசோதனை அறிக்கைக்கு இப்படிக் கருத்துக் கேட்கும் கட்டாயம் இல்லை. ஆனாலும் அதைப் பார்வையிடும் உரிமை உண்டு. ஊருக்கு ஒரு திட்டம் வருகிறது என்றால், எந்த வகை அறிக்கை தயாராகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

காணி யாருடைய பெயரில், எந்த வர்த்தமானியின் கீழ் எடுக்கப்பட்டது என்பதை அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம்; அதை எழுதிக்கொடுப்பது அந்த அலுவலரின் கடமை.

உறுதிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்த குடும்பங்கள் பல. பழைய வரிச் சீட்டு, உரப் பங்கீட்டு அட்டை, வாக்காளர் இடாப்புப் பிரதி, அயலவரின் சத்தியக் கடதாசி என எது கிடைத்தாலும் ஒன்றாகச் சேர்த்து வைப்பது நல்லது. சம்பூர் மக்கள் நிலக்கரியை நிறுத்தியபோது பலரின் கையில் வீடுகூட இல்லை. அடுத்த திட்டம் வரும்போது ஆவணமாவது கையில் இருக்கட்டும்.