காற்றால் இறந்தவர்களை எண்ணிய கதை

நீளமான இழை இது. டீ, காபி ஏதாவது கையில எடுத்துக்கிட்டுப் படிங்க.

"பிக் டேட்டா"ன்னு சொன்னதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வர்றது விளம்பரம்தான். ஒரு தடவை செருப்பு தேடினா போதும், ஒரு வாரத்துக்குச் செருப்பாவே துரத்தும். ஆனா தனித்தனியாப் பார்த்தா கண்ணுல படாத ஒண்ணை, ஆயிரக்கணக்கான பேரோட விவரங்களைச் சேர்த்துவெச்சுக் கண்டுபிடிக்கிற வேலையை, இந்தச் சொல் பிரபலமாகறதுக்கு முன்னாடியே மருத்துவம் செஞ்சிருக்கு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, "காற்று மாசு ஆளைக் கொல்லுமா?" என்ற கேள்விக்குப் பதில் கிடைச்ச கதை. கிடைச்ச பதிலை முடக்கப் பார்த்த கதையும் இதுல அடக்கம்.

முதல்ல டாக்டர்கள் பக்கத்துச் சிக்கல். இறப்புச் சான்றிதழில் "காற்று மாசு" என்று நாங்கள் எழுதுவதில்லை. 62 வயசுக்காரர் ஒருத்தர் மாரடைப்போட வர்றார்னு வைங்க. சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, முன்னாடி பீடி பழக்கம். வீடு பஸ் போற மெயின் ரோட்டு மேல. இதுல அவரைக் கொன்னது எது? பிரேதப் பரிசோதனை செய்தாலும், "இந்த அடைப்பு புகையால் வந்தது" என்று ரத்தக்குழாயில் எழுதி ஒட்டியிருக்காது. (விதிவிலக்கு உண்டு. 2013-ல் ஆஸ்துமாவால் இறந்த ஒன்பது வயது லண்டன் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020-ல் அங்கே மரண விசாரணையில் பதிவு செய்தார்கள். அது பெரிய செய்தியானதே, அப்படி யாரும் எழுதுவதில்லை என்பதால்தான்.) ஒரு ஆளை வெச்சு இதைச் சொல்ல முடியாது. ஆயிரம், பத்தாயிரம்னு அடுக்கினாத்தான் தெரியும்.

அதே லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். கடுங்குளிர், காற்றோட்டமே இல்லை, வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. புகை ஊருக்கு மேல் அப்படியே மூடி போட்ட மாதிரி நின்றுவிட்டது. வாராந்திர இறப்புப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்தபோது, வழக்கத்தைவிடச் சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். அடுத்த சில வாரங்களிலும் சாவு எண்ணிக்கை இறங்கவில்லை. அரசுத் தரப்பு அதை ஃப்ளூ காய்ச்சல் கணக்கில் எழுதியது. பல பத்தாண்டுகள் கழித்து அதே பதிவேடுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், மொத்தம் 12,000 வரை இருக்கலாம் என்றார்கள். பதிவேடு பத்திரமா இருந்ததாலதான் அந்தப் பொய் கணக்குல மாட்டுச்சு.

1956-ல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஆனா உலகம் அதுல கத்துக்கிட்ட பாடம் பாதிதான்: கண்ணு மறைக்கிற அளவுக்குப் புகை சூழ்ந்தா ஆபத்து, மத்த நாள்ல இருக்கற லேசான மங்கல் பரவாயில்ல.

இனி அமெரிக்கா. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. மின் நிலையங்கள் மறுபடியும் நிலக்கரிக்குத் திரும்பும், புகை கூடும் என்ற கவலை எழுந்தது. அந்தச் சமயத்தில் ஹார்வர்டைச் சேர்ந்த பெஞ்சமின் ஃபெரிஸ், ஃபிராங்க் ஸ்பீசர் ஆகியோரின் குழு ஆறு ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. புகை மண்டிய எஃகு ஊரான ஸ்டூபன்வில் ஒரு முனை, சுத்தமான காற்றுள்ள போர்ட்டேஜ், டொபீகா மறுமுனை. செயின்ட் லூயிஸ், ஹாரிமன், வாட்டர்டவுன் மூன்றும் நடுவில்.

வேலை எப்படி நடந்துச்சுன்னு பாருங்க. 1974-லிருந்து அந்த ஊர்களில் ஆட்களைச் சேர்த்தார்கள். சிகரெட் உண்டா, எத்தனை வருஷமா, என்ன வேலை, தூசி புகைக்குள்ள நிக்கிற வேலையா, எதுவரைக்கும் படிச்சீங்க, எடை என்ன, எல்லாம் கேட்டு எழுதினார்கள். குழாயில் ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளந்தார்கள். ஊருக்குள் கருவி வைத்துக் காற்றைச் சலித்தார்கள். "உங்க விவரம் வெளியே போகாது" என்று வாக்குக் கொடுத்தார்கள். இந்த வாக்கை நினைவுல வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பிறகு காத்திருந்தார்கள். 14 முதல் 16 வருஷம்! இன்னைக்கு மூணு வருஷத்துல முடிவு காட்டலைன்னா ஆராய்ச்சிக்குப் பணம் தர யோசிப்பாங்க. கடைசிக் கணக்கில் இருந்தவர்கள் 8,111 பேர், அதில் இறந்தவர்கள் 1,400-க்கும் மேல். (அத்தனை பேரும் வெள்ளையர்கள். ஒப்பிடச் சுலபம்னு அப்படி எடுத்தாங்க. அது ஒரு குறைதான்.)

டக்ளஸ் டாக்கெரி முதல் ஆசிரியராக, 1993 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வந்தது. புகைப்பழக்கம், எடை, படிப்பு, வேலை எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும், ஸ்டூபன்வில்காரர்களின் இறப்பு விகிதம் போர்ட்டேஜ்காரர்களைவிட 26 சதவீதம் அதிகம். கூடுதல் சாவு எங்கே இருந்தது? இதயம், நுரையீரல், நுரையீரல் புற்றுநோய். மற்ற காரணங்களைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. சும்மா ஏழை ஊர், பணக்கார ஊர் வித்தியாசமா இருந்தா எல்லா நோய்லயும் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

இன்னொன்று, இறப்போடு நெருக்கமாக ஒட்டிப்போனது நுண்துகள்கள். அதாவது பிஎம் 2.5. இரண்டரை மைக்ரான்னா தலைமுடி தடிமன்ல இருபதுல ஒரு பங்குன்னு வெச்சுக்கலாம். பெரிய தூசி மூக்குலயும் தொண்டையிலயும் மாட்டிக்கும், தும்மலா, சளியா வெளியே வந்துடும். இது நேரா காற்றுப்பை வரைக்கும் இறங்கிடும். அங்கே அழற்சி கிளம்பும், ரத்தம் உறையும் தன்மை கூடும், ரத்தக்குழாய் பாதிக்கும். "புகையை இழுக்கறது நுரையீரல், ஆனா நிக்கிறது ஏன் இதயம்?"னு கேட்டா பதில் இதுதான்.

ஸ்டூபன்வில் அளவு எவ்வளவு? ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக 29.6 மைக்ரோகிராம் பிஎம் 2.5. போர்ட்டேஜில் 11. இந்த எண்களை மறக்காதீங்க.

அதே ஆய்வுக் கட்டுரையில் ஆர்டன் போப் என்பவர் பெயரும் இருக்கிறது. டாக்டர் இல்லை, பொருளாதார நிபுணர். இவர் கதை தனி. யூட்டா மாநிலத்தில் இவர் ஊர்ப்பக்கம் ஜெனீவா ஸ்டீல் என்ற பெரிய எஃகு ஆலை. 1986 ஆகஸ்டில் தொழிலாளர் தகராறில் ஆலை மூடியது, 1987 செப்டம்பரில் மறுபடி திறந்தது. நடுவில் ஒரு முழுக் குளிர்காலம் புகை இல்லை. இப்படி ஒரு சோதனையைக் கோடி ரூபாய் கொடுத்தாலும் நடத்த முடியாது. போப் போய் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை எடுத்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில், மூடியிருந்த குளிர்காலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு குழந்தைகள் மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமா என்று சேர்க்கப்பட்டிருந்தார்கள்.

ஆலைக்காரங்க சும்மா இருப்பாங்களா? "அந்த வருஷம் வைரஸ் கம்மி"ன்னு வாதம் வந்தது. ஆனால் அந்த ஊர்க் காற்றைச் சலித்த வடிகட்டித் தாள்கள் பத்திரமாக இருந்தன. பல வருஷம் கழித்து அதிலிருந்த துகளைப் பிரித்தெடுத்து, மிகச் சிறு அளவில், தன்னார்வலர்களின் நுரையீரலில் செலுத்திப் பார்த்தார்கள். ஆலை ஓடிய காலத்துத் துகள் அழற்சியைக் கிளப்பியது. மூடியிருந்த காலத்துத் துகள் அந்த அளவுக்குக் கிளப்பவில்லை.

8,111 பேர் போதாது என்பவர்களுக்கு அடுத்த பதிலும் போப்பிடமிருந்தே வந்தது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1982-லிருந்து வேறொரு காரணத்துக்காகப் பன்னிரண்டு லட்சம் பேரின் விவரத்தைத் திரட்டி வைத்திருந்தது. அதில் 151 நகர்ப்பகுதிகளைச் சேர்ந்த 5,52,138 பேரை எடுத்து, அவரவர் ஊர்க் காற்றோடு பொருத்தினார். 1995-ல் வந்த முடிவும் அதே திசையில்தான் இருந்தது.

இதற்குப் பிறகுதான் சண்டை. 1997-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பிஎம் 2.5-க்கு முதல்முறையாக வரம்பு விதித்தது. ஆண்டு சராசரி 15. மின் நிலையம், எஃகு, லாரி, எண்ணெய் என்று எல்லாத் துறையும் திரண்டு எதிர்த்தது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: மூல விவரத்தை எங்களிடம் கொடு.

கேட்க நியாயமாத்தானே இருக்கு? எனக்கும் நியாயமாத்தான் படுது. பொதுச் சட்டம் போடற அளவுக்கு முக்கியமான கணக்கை இன்னொருத்தர் சரிபார்க்கணும். ஆனால் அந்தப் பதிவேட்டில் இருந்தது மனிதர்களின் நோய், பழக்கம், எந்தத் தேதியில் இறந்தார்கள் என்ற விவரம். சிறிய ஊரில் இறந்த தேதியும் வயதும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று ஹார்வர்ட் மறுத்தது. உடனே "மறைக்கிறார்கள்" என்று குரல் எழுந்தது.

வழி கண்டுபிடித்தது ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட். 1980-ல் தொடங்கிய இந்த அமைப்புக்குப் பாதிப் பணம் அரசு முகமை தருகிறது, மறுபாதி வாகனத் தொழில் தருகிறது. அதனால இரண்டு பக்கமும் இதை நம்பும், அல்லது இரண்டு பக்கமும் சந்தேகப்படும். வெளியாள்களாக, கனடாவின் டேனியல் க்ரூவ்ஸ்கி தலைமையில் ஒரு குழுவை நியமித்தார்கள். விவரம் பொதுவெளிக்குப் போகாது, ஆனால் இந்தக் குழு முழுவதையும் திறந்து பார்க்கலாம். அவர்கள் மூலப் படிவங்கள் வரை போய்ச் சரிபார்த்து, வேறு வேறு கணக்கு முறைகளைப் போட்டு உலுக்கிப் பார்த்தார்கள். 2000-ல் முடிவு வந்தது. 26 சதவீதம் என்பது அவர்கள் கணக்கில் 28.

கூடவே முதல் ஆய்வு பெரிதாகப் பேசாத ஒன்றையும் சொன்னார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களிடம் பாதிப்பு அதிகம், கல்லூரி போனவர்களிடம் குறைவு. ஊர் காற்று ஒண்ணுதான், ஆனா அது எல்லாரையும் ஒரே மாதிரி தொடறதில்ல.

2001-ல் உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக, வரம்பு வைக்கும்போது தொழில்துறைக்கு ஆகும் செலவைப் பார்க்கத் தேவையில்லை என்றது. அதோட முடிஞ்சுதான்னு கேட்டா, இல்ல. மூல விவரம் வெளியிடாத ஆய்வுகளை ஓரங்கட்டும் ஒரு விதியை 2018-ல் அதே முகமையே முன்மொழிந்தது. 2021 ஜனவரியில் விதி வந்தது, பிப்ரவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது. நோயாளியின் ரகசியம் காக்கும் வாக்கையே ஆய்வுக்கு எதிரான ஆயுதமாக்குவது, ஒரு டாக்டரா எனக்குக் கொஞ்சம் குமட்டுது.

இப்போ நாம சொல்ற "பிக் டேட்டா" காலத்துக்கு வருவோம். 2017-ல் அமெரிக்க முதியோர் அரசுக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து ஆறு கோடிக்கும் மேற்பட்டவர்களை எடுத்தார்கள். யாரையும் நேரில் பார்க்கவில்லை. செயற்கைக்கோள் படம், வானிலை, தரையிலுள்ள கருவிகள் எல்லாவற்றையும் கணினியில் சேர்த்து, ஒரு கிலோமீட்டர் கட்டம் கட்டமாகக் காற்றைக் கணித்தார்கள். பிஎம் 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால் இறப்பு 7.3 சதவீதம் கூடியது. அன்றைய வரம்புக்குக் கீழே இருந்த ஊர்களிலும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

பிரமிப்புதான். ஆனா அந்த ஆறு கோடிப் பேர்ல யார் சிகரெட் பிடிச்சாங்கன்னு காப்பீட்டுப் பதிவுல ஒழுங்கா இல்ல. நேரில் கேட்டு எடுத்த ஒரு சின்ன மாதிரியை வைத்துத்தான் அந்தக் குறையைச் சோதித்தார்கள். எண்ணிக்கை பெருசானா மட்டும் போதாது. 8,111 பேரை உக்கார வெச்சுக் கேட்ட அந்தப் பழைய படிவத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கு.

நம்ம ஊருக்கு என்ன? க்ரூவ்ஸ்கி குழுவை அமர்த்திய அதே அமைப்பு, ஆசிய நகரங்களில் நடத்திய ஆய்வுகளில் சென்னையும் உண்டு. பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான ஸ்ரீராமச்சந்திரா குழு, 2002 முதல் 2004 வரையிலான தினசரி இறப்புகளைக் காற்றின் அளவோடு பொருத்தியது. இறப்புக் காரணம் நம்பகமாகக் கிடைக்காததால், விபத்தைத் தவிர்த்த எல்லா மரணங்களையும் எடுத்தார்கள். (2020-ல் கூட நாட்டில் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவச் சான்றுடன் காரணம் இருந்தது. இருக்கறதுலயும் "இதயம் நின்றது"ன்னு மட்டும் எழுதற எங்க பழக்கம் தனி.) காற்றை அளக்கும் கருவிகளிலும் பல நாள் விவரம் இல்லை. அதனால் ஊரை மண்டலங்களாகப் பிரித்து, அந்தந்த இறப்பை அருகிலுள்ள கருவியோடு சேர்த்தார்கள். பிஎம் 10 பத்து மைக்ரோகிராம் கூடினால் அந்த நாளொட்டிய இறப்பு 0.4 சதவீதம் கூடியது. இது நாள் கணக்குதான். வருஷக் கணக்கில் சேரும் பாதிப்பைப் பார்க்க, ஆறு ஊர் ஆய்வு மாதிரி ஆட்களைப் பல வருஷம் பின்தொடர வேண்டும்.

இந்தியாவில் பிஎம் 2.5-க்கு 2009-ல் வைத்த ஆண்டு வரம்பு 40. ஸ்டூபன்வில் எண்ணை ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துட்டு வாங்க. 24 மணி நேரத்துக்கு வரம்பு 60. உங்க ஊர் நிலவரத்தை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் "சமீர்" செயலியில் பார்க்கலாம். அதில் வருவது மைக்ரோகிராம் இல்லை, குறியீட்டு எண். குறியீடு 51 முதல் 100 வரை "திருப்திகரம்" என்று காட்டும். பிஎம் 2.5 கணக்கில் அது 31 முதல் 60 மைக்ரோகிராம்.