பெயரில் தங்கிய நீர்

மன்னார்ப் பெருநிலத்தில் ஊர்களின் சரித்திரத்தை அவற்றின் பெயர்களிலேயே தேடலாம், நேயர்களே. மடு என்றால் நீர் ஆழ்ந்து தங்கும் பள்ளம். பள்ளமடு, பெரியமடு என்று பெயரிட்டவர்கள், ஊரைக் காண்பதற்கு முன் நீரைக் கண்டவர்கள்.

மாந்தை மேற்கில், விடத்தல்தீவுக்கு உட்புறமாக உள்ள பெரியமடுவுக்கு அரசர்களின் கல்வெட்டு வேண்டியதில்லை. மாரி பெய்தால் காலபோகம், பொய்த்தால் கடன். சிற்றூர்களின் வரலாறு பெரும்பாலும் இதுதான்.

ஆனால் 1990 ஒக்டோபரில் அந்த வரலாறு அறுந்தது. விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினார்கள். பெரியமடு முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். வெளியேறியோரில் பெரும்பாலானோர் புத்தளம், கற்பிட்டிப் பக்கங்களில் கொட்டில் போட்டார்கள். 2008இல் போர் இந்தக் கரை நெடுகிலும் நகர்ந்தபோது எஞ்சியிருந்த தமிழ்க் குடும்பங்களும் இடம்பெயர்ந்தன. 2009இல் போர் முடிந்த பின் மீண்டவர்களை வரவேற்றது, வளவுகளை மூடிய காடு.

காட்டை வெட்டலாம். இடையில் போன இருபது ஆண்டுகளை என்ன செய்வது? புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்குப் பெரியமடு என்பது உம்மா சொன்ன கதை. அந்தப் பிள்ளை எந்த ஊர்? உறுதியில் எல்லை இருக்கும். எந்த வாய்க்கால் யாருடைய வயலுக்குப் பாய்ந்தது என்பது முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கும். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே அமர்ந்து அதை எழுதிவைக்க வேண்டும் என்பேன். முதியவர்கள் போய்விட்டால் பெயர் மட்டுமே மிஞ்சும். நீர் எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்ல ஆளிருக்காது.