மீரா சாஹிபின் மகள்

சில வருடங்களுக்கு முன் ஏ.எல். கலைப்பிரிவில் படித்த ஒரு பிள்ளை, "நான் சட்டம் படிக்கப் போறன் டீச்சர்" என்றாள். பிறகு அவளுடைய வாப்பாவைக் கண்டபோது, "பொம்புளப் புள்ளைக்குக் கோட்டுப்படி ஏறுற வேல எதுக்கு டீச்சர்? உங்களப் போல படிச்சிக் குடுக்கட்டுமே" என்றார். யார் என்று தேடாதீர்கள், இப்படிச் சொல்லும் வாப்பாமார் அறுகம்பேயிலிருந்து கல்முனை வரை இருக்கிறார்கள். அன்று நின்ற நிலையில் அவருக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

மீரா சாஹிபு என்ற பெயர் நம் கரையில் வீதிக்கு ஒன்று இருக்கும். நான் சொல்வது கேரளத்தின் பத்தனம்திட்டை அன்னவீட்டில் மீரா சாஹிபை. அரசாங்க உத்தியோகத்தர். இராவுத்தர் குடும்பம், அதாவது தமிழ் முஸ்லிம்களின் வழிவந்தவர்கள். அவருடைய மகள் பாத்திமா பீவி 1927 ஏப்ரல் 30 இல் பிறந்தார்.

பாத்திமா பீவி திருவனந்தபுரத்தில் இரசாயனவியல் படித்துப் பட்டம் பெற்றார். மேலும் விஞ்ஞானம் படிக்கத்தான் அவருக்கு ஆசை. சட்டம் படி என்றது வாப்பா! காரணம் அன்னா சாண்டி என்ற பெண். 1937 இல் திருவிதாங்கூரில் முன்சீப் நீதிபதியாகி, இந்தியாவின் முதல் பெண் நீதிபதி என்று பெயரெடுத்தவர். அவரைப் பார்த்துத்தான் மீரா சாஹிபு தன் மகளைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பினார். பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள் என்று அவரும் யோசித்திருப்பார்தானே.

மகள் பார் கவுன்சில் பரீட்சையில் முதலாவதாக வந்து தங்கப் பதக்கம் பெற்றார். 1950 நவம்பர் 14 இல், 23 வயதில், சட்டத்தரணியாகப் பதிவு செய்தார். கொல்லத்தில் கீழ் நீதிமன்றங்களில் வழக்காடினார். 1958 இல் முன்சீப், 1974 இல் மாவட்ட நீதிபதி, 1983 இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. ஒவ்வொரு படியாக ஏறிய பயணம்.

1989 ஏப்ரலில் ஓய்வு பெற்றுவிட்டார். அதே வருடம் அக்டோபர் 6 இல் டெல்லி உச்ச நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டார். அந்த நீதிமன்றம் தொடங்கி 39 வருடங்களில் அங்கே நீதிபதியாக அமர்ந்த முதல் பெண் அவர்தான். நம் நாட்டு உயர் நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதியரசர் வந்தது 1996 இல்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். 1997 இல் தமிழ்நாட்டு ஆளுநரானார். 2001 இல், தேர்தலில் நிற்கவே தகுதியிழந்திருந்த ஜெயலலிதாவுக்கு முதலமைச்சர் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். அந்த நியமனத்தைப் பின்னர் உச்ச நீதிமன்றமே ரத்துச் செய்தது. அதற்கு முன்பே, கருணாநிதி கைதான விவகாரத்தில் மத்திய அரசோடு முரண்பட்டுப் பதவியை விட்டிருந்தார். அது சறுக்கல்தான் என்பேன். 2023 நவம்பர் 23 இல் கொல்லத்தில் மறைந்தார். அடுத்த வருடம் பத்ம பூஷண் அறிவித்தார்கள்.

இங்கே நம் நிலைமையைப் பாருங்கள். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் காதியாக நியமிக்க ஆண் ஒருவரையே சொல்லியிருக்கிறது. காதி முன்னால் சட்டத்தரணி ஆஜராகவும் முடியாது. தாபரிப்புக் கேட்டுப் போகும் நம் பெண்பிள்ளை, உம்மாவிடம் சொல்லவே கூச்சப்படும் விசயத்தை அங்கே ஆண்களுக்கு முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று எத்தனை குழு கூடினாலும், அதை வரிவரியாகப் படித்துப் பேசத் தெரிந்த பெண்கள் நம் ஊரிலிருந்தும் போக வேண்டாமா?

அந்தப் பிள்ளை இப்போது பாடசாலையொன்றில் படிப்பிக்கிறாள். நல்ல டீச்சர்தான். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை விண்ணப்பம் எப்போது கோருவார்கள் என்று போன மாதம் கேட்டு அனுப்பியிருந்தாள்.