கேட்பவரையும் ஆராய்ந்தவர்

மைக்கேல் ஃபாரடே 1813 ஜூன் மாதம் நண்பர் ஆபட்டுக்கு எழுதிய சில கடிதங்கள் முழுக்க மேடை உரையைப் பற்றியவை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன, வயது 21. அரங்கின் காற்றோட்டம், பேச்சாளரின் முகம் இருக்க வேண்டிய திசை, சோதனையைக் காட்டும் விதம் என ஒவ்வொன்றையும் அவர் எடைபோடுகிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் பேசக் கூடாது என்பது அவர் முடிவு. கேட்பவரின் கவனத்தையும் ஓர் இயற்கை நிகழ்வைப் போலவே ஆராயலாம் என்று அவர் கண்டுகொண்டதுதான், பின்னாளில் அவர் உரைகள் பெற்ற வெற்றிக்கு வேர் என்பேன்.

விஷய ஞானம் இருந்தால் பேச்சு தானே வரும் என்பார்கள். அதே மேடையில், ஃபாரடேவுக்கு முன்பே, தாமஸ் யங் பேசியிருக்கிறார். ஒளி அலையாகப் பரவுகிறது என்று நிறுவிய மேதை அவர். 1807-இல் இரு தொகுதிகளாக அச்சான அவருடைய உரைகளை அறிவியல் உலகம் இன்றும் மதிக்கிறது. அரங்கில் இருந்தவர்களாலோ அவற்றைப் பின்தொடர முடியவில்லை. அவர் காலத்திலேயே அங்கு பேசிய ஹம்ப்ரி டேவிக்குக் கூட்டம் அலைமோதியது. அப்படியானால் அது பிறவிக் கொடைதானே என்று கேட்கலாம். டேவியைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. ஃபாரடே அப்படியல்ல. கொல்லர் மகன், புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். பெஞ்சமின் ஸ்மார்ட் என்ற ஆசிரியரிடம் பேச்சுப் பயிற்சி பெற்றார், பிறகு அவரையே தம் உரைகளுக்கு வரவழைத்துக் குறைகளைக் கேட்டுக்கொண்டார். வேகம் கூடினால் ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையை உதவியாளர் அவர் கண்முன் வைப்பார். கேட்டவர்கள் ரசித்த அந்த இயல்பான நடை உழைத்துச் சம்பாதித்தது.

கூட்டத்தைக் கவர்வது ஆழத்தைக் குறைத்துவிடும் என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது; வெறும் வேடிக்கை காட்டிய பேச்சாளர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் 1860 கிறிஸ்துமஸ் பருவத்தில் சிறுவர்களுக்கு ஃபாரடே ஆற்றிய ஆறு உரைகளைப் பாருங்கள். மெழுகுவர்த்தியை அணைக்கிறார், மேலெழும் புகையில், திரிக்குச் சற்றுத் தள்ளி, தீயைக் காட்டுகிறார். நெருப்பு காற்றில் ஓடித் திரியைப் பற்றிக்கொள்கிறது. பார்க்க வேடிக்கைதான். எரிவது திட மெழுகல்ல, அதன் ஆவி என்பதற்குச் சான்றும் அதுவே. இப்படி ஒவ்வொரு காட்சியும் அடுத்த கேள்வியை எழுப்ப, நீர், ஹைட்ரஜன், ஆக்சிஜன், கரியமில வாயு என்று நகர்ந்து, சுடர் எரிவதும் நாம் மூச்சுவிடுவதும் ஒத்த வேதிச் செயல்கள் என்ற இடத்துக்குச் சிறுவர்களைக் கொண்டுசேர்க்கிறார். ஆழத்தை விட்டுக்கொடுத்தவர் இவ்வளவு தூரம் அழைத்துப் போயிருக்க முடியாது.