விமான நிலைய லவுஞ்ச் அனுமதி விதிகளின் வரலாறு

விமான நிலைய லவுஞ்ச் என்பது, பயணிகள் விமானம் ஏறும் வரை அமர்ந்து ஓய்வெடுக்கவும், உணவருந்தவும், வேலை பார்க்கவும் பொதுக் காத்திருப்புக் கூடத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட தனி இடமாகும். விமான நிறுவனங்கள், விமான நிலைய நிர்வாகங்கள், தனியார் சேவை நிறுவனங்கள், கடன் அட்டை நிறுவனங்கள் எனப் பல தரப்பினர் இவற்றை நடத்துகின்றனர். முதல் வகுப்பு அல்லது வணிக வகுப்புப் பயணச்சீட்டு வைத்திருப்போருக்கும், ஒரே நிறுவனத்தில் அடிக்கடிப் பறந்து உயர்நிலைத் தகுதி பெற்றோருக்கும், கட்டணம் செலுத்திய உறுப்பினர்களுக்கும், குறிப்பிட்ட கடன் அட்டை வைத்திருப்போருக்கும் இங்கு அனுமதி உண்டு.

யார் உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் விதிகள் கடந்த எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலமுறை மாறியுள்ளன. விமான நிறுவனங்கள் யாரைத் தங்கள் முக்கிய வாடிக்கையாளராகக் கருதின என்பதை இம்மாற்றங்கள் வழியாக அறியலாம்.

தொடக்கம்

விமான நிறுவனம் ஒன்றின் முதல் லவுஞ்சாகக் கருதப்படுவது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1939ஆம் ஆண்டு நியூயார்க்கின் லா கார்டியா விமான நிலையத்தில் திறந்த அட்மிரல்ஸ் கிளப் ஆகும். அப்போது அந்நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் சி. ஆர். ஸ்மித். நிறுவனத்தின் விமானங்கள் கொடிக்கப்பல் என்னும் பொருள்படும் 'ஃபிளாக்‌ஷிப்' என்ற பெயரால் அழைக்கப்பட்டன. அதற்கேற்ப, சிறப்பிக்கப்பட வேண்டிய வாடிக்கையாளர்களுக்குக் கடற்படைத் தளபதியைக் குறிக்கும் 'அட்மிரல்' என்ற கௌரவப் பட்டம் வழங்கப்பட்டது. பட்டம் பெற்றோர் கூடும் இடம் என்ற பொருளில் லவுஞ்சுக்கும் அப்பெயர் அமைந்தது.

இந்த இடம் கிடைத்ததற்கு ஒரு பின்னணி சொல்லப்படுகிறது. புதிய விமான நிலையத்தில் முக்கியப் பிரமுகர்களுக்கென அறைகள் ஒதுக்கப்படுவதைப் பத்திரிகைகள் விமர்சித்தன. அதனால் எரிச்சலடைந்த நகர மேயர் பியொரெல்லோ லா கார்டியா, விரும்புவோருக்கு அந்த இடத்தை வாடகைக்கு விடத் தயார் என்று அறிவித்தார். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் உடனே அதை எடுத்துக்கொண்டது. ஆக, பொதுப் பணத்தில் கட்டிய கட்டடத்தில் சிலருக்கு மட்டும் தனியிடம் ஏன் என்ற கேள்வி லவுஞ்சு தோன்றும்போதே உடன் தோன்றிவிட்டது.

அழைப்பு முறை

தொடக்க காலத்தில் அட்மிரல்ஸ் கிளப்பில் விண்ணப்பித்துச் சேர முடியாது. நிறுவனம் தேர்ந்தெடுத்து அழைத்தால் மட்டுமே உறுப்பினராகலாம். தேர்வுக்கு வெளிப்படையான அளவுகோல் எதுவும் இல்லை. பிற அமெரிக்க நிறுவனங்களும் இத்தகைய கிளப்புகளைப் பின்னர் நடத்தின.

அக்கால அமெரிக்காவில் விமானக் கட்டணங்களையும் வழித்தடங்களையும் நடுவண் அரசின் சிவில் ஏரோநாட்டிக்ஸ் வாரியம் கட்டுப்படுத்தியது. கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட வழியில்லாததால், உணவு, உபசரிப்பு, இருக்கை வசதி ஆகியவற்றில் நிறுவனங்கள் போட்டியிட்டன. லவுஞ்சும் இப்போட்டியின் ஒரு பகுதியே. பெரிய நிறுவனங்களின் பயணச் செலவைத் தீர்மானிக்கும் அதிகாரிகளையும் அரசியல் செல்வாக்குள்ளோரையும் தன்பக்கம் வைத்திருக்க அது பயன்பட்டது.

அழைப்பு முறை பாகுபாடானது என்று வழக்குத் தொடரப்பட்ட பிறகு, கட்டணம் செலுத்தும் எவரும் உறுப்பினராகலாம் என்ற நிலைக்கு அட்மிரல்ஸ் கிளப் மாறியது. நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்டிருந்த அனுமதி இவ்வாறு விலை கொடுத்துப் பெறும் சேவையானது. எழுதப்பட்ட விதிகள் இதன்பின்னரே முக்கியத்துவம் பெற்றன.

கட்டுப்பாடு நீக்கமும் மைல் கணக்கும்

1978ஆம் ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் விமானத்துறைக் கட்டுப்பாடு நீக்கச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நிறுவனங்கள் தாமே கட்டணத்தை நிர்ணயிக்கத் தொடங்கியதும், பயணிகள் மலிவான சீட்டைத் தேடி நிறுவனம் மாறினர். அவர்களைத் தக்கவைத்துக்கொள்ளும் வழியாக, 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' என்ற அடிக்கடிப் பறப்போர் திட்டத்தைத் தொடங்கியது. சில நாள்களிலேயே யுனைடெட் நிறுவனம் 'மைலேஜ் பிளஸ்' திட்டத்தை அறிவித்தது.

அட்வான்டேஜ் திட்டத்தின் முதல் உறுப்பினர்களைக் கண்டறிய, சேபர் என்னும் கணினி முன்பதிவு அமைப்பில் திரும்பத் திரும்ப வரும் தொலைபேசி எண்கள் தேடப்பட்டன. அட்மிரல்ஸ் கிளப் உறுப்பினர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். இவ்வாறு பழைய கிளப் பட்டியலும் புதிய கணினிக் கணக்கும் ஒன்றிணைந்தன.

பின்னர் இத்திட்டங்களுக்குள் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் போன்ற படிநிலைகள் உருவாயின. ஓராண்டில் இத்தனை மைல் பறந்தால் இந்தத் தகுதி என்ற கணக்கு வந்தது. எடுத்துக்காட்டாக, சிங்கப்பூர் ஏர்லைன்சின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் 12 மாதங்களுக்குள் 50,000 தகுதி மைல்கள் சேர்த்தவர் தங்க நிலையை அடைவார். சிக்கன வகுப்பில் பறந்தாலும் லவுஞ்சுக்குள் செல்ல முடியும் என்பது இத்தகுதியின் முக்கியப் பயன்களில் ஒன்றானது.

கூட்டணிகளின் பொது விதி

1997ஆம் ஆண்டு மே மாதம் யுனைடெட், லுஃப்தான்சா, ஏர் கனடா, தாய் ஏர்வேஸ், எஸ்ஏஎஸ் ஆகிய ஐந்து நிறுவனங்கள் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியை அமைத்தன. 1999இல் ஒன்வேர்ல்டும் 2000இல் ஸ்கைடீமும் செயற்படத் தொடங்கின. ஒரு நிறுவனத்தில் பெற்ற தகுதியைக் கூட்டணியின் மற்ற நிறுவனங்களும் ஏற்கும் முறை இவற்றால் பரவியது.

ஸ்டார் அலையன்சில் தங்க நிலை உறுப்பினர், எந்த வகுப்பில் பறந்தாலும் உடன் பயணிக்கும் ஒருவரோடு லவுஞ்சுக்குள் செல்லலாம். ஒன்வேர்ல்டில் நீலக்கல்லைக் குறிக்கும் சஃபையர் நிலையினருக்கு வணிக வகுப்பு லவுஞ்சும், மரகதத்தைக் குறிக்கும் எமரால்டு நிலையினருக்கு முதல் வகுப்பு லவுஞ்சும் திறந்திருக்கும். ஸ்கைடீமின் எலைட் பிளஸ் நிலையினருக்கான அனுமதி பொதுவாகப் பன்னாட்டுப் பயணத்தைச் சார்ந்தது. ஒரு நிறுவனத்தின் லவுஞ்சை மற்றொரு நிறுவனத்தின் பயணி பயன்படுத்தும்போது, அதற்கான தொகையை நிறுவனங்கள் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன.

சொந்த உறுப்பினருக்கு மூடிய கதவு

கூட்டணி விதிகளில் அதிகம் விவாதிக்கப்படுவது அமெரிக்க நிறுவனங்களின் விதிவிலக்காகும். யுனைடெட் நிறுவனத்தின் மைலேஜ் பிளஸ் தங்க நிலை உறுப்பினர் சிகாகோவிலிருந்து டென்வருக்குச் செல்லும்போது, அத்தகுதியை மட்டும் காட்டி யுனைடெட் கிளப்பில் நுழைய முடியாது. பன்னாட்டுப் பயணமாக இருந்தால் மட்டுமே அவருக்கு அனுமதி. ஆனால், அதே விமானத்தில் செல்லும் கிரிஸ்ஃபிளையர் தங்க நிலை உறுப்பினர், துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே செல்லலாம். அமெரிக்கன் ஏர்லைன்சின் உயர்நிலை உறுப்பினர்களுக்கும் வட அமெரிக்காவுக்குள்ளான பெரும்பாலான பயணங்களில் இதே நிலைதான்.

இதற்கான காரணம் வணிகம் சார்ந்தது. அமெரிக்க நிறுவனங்கள் லவுஞ்ச் உறுப்பினர் தகுதியை ஆண்டுக்குப் பல நூறு டாலருக்கு விற்கின்றன. உள்நாட்டுச் சந்தையில் உயர்நிலை உறுப்பினர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது. அவர்கள் அனைவருக்கும் இலவச அனுமதி அளித்தால் உறுப்பினர் கட்டண வருவாய் சரியும், இடமும் போதாது. வெளிநாட்டு நிறுவனங்களின் உறுப்பினர்களோ எண்ணிக்கையில் குறைவு. இந்த முரணைப் புரிந்துகொண்ட அமெரிக்கப் பயணிகள் சிலர், உள்நாட்டில் மட்டுமே பறந்தாலும் வெளிநாட்டுத் திட்டமொன்றில் சேர்ந்து மைல்களைச் சேர்க்கின்றனர்.

படிநிலைக்குள் படிநிலை

உயர்நிலைத் தகுதி பெற்றோர் பெருகியபோது, லவுஞ்சுகளுக்குள்ளும் வேறுபாடுகள் வந்தன. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில், வணிக வகுப்புச் சீட்டு வைத்திருப்போர் சில்வர்கிரிஸ் லவுஞ்சுக்குச் செல்ல, தகுதி அட்டையுடன் சிக்கன வகுப்பில் பறப்போர் தனியே அமைந்த கிரிஸ்ஃபிளையர் தங்க லவுஞ்சுக்கு அனுப்பப்படுகின்றனர். அன்றைய பயணச்சீட்டுக்குக் கொடுத்த விலையும் ஆண்டு முழுவதும் காட்டிய விசுவாசமும் அங்கு சமமாக மதிப்பிடப்படுவதில்லை.

லுஃப்தான்சா 2004ஆம் ஆண்டு பிராங்க்ஃபர்ட்டில் முதல் வகுப்புக்கெனத் தனி முனையக் கட்டடத்தையே திறந்தது. முதல் வகுப்புப் பயணிகளுடன், ஹான் சர்க்கிள் என்ற மிக உயர்ந்த நிலையினரும் அங்கு அனுமதிக்கப்பட்டனர். அந்நிலையை அடைய, இரண்டு ஆண்டுகளில் 600,000 தகுதி மைல்கள் நெடுங்காலம் தேவைப்பட்டன. விமானம் வரை காரில் அழைத்துச் செல்வதும் அச்சேவையில் அடங்கும்.

கடன் அட்டைகளின் வருகை

1992இல் தொடங்கப்பட்ட பிரயாரிட்டி பாஸ், எந்த விமான நிறுவனத்தையும் சாராமல் பல நாடுகளின் லவுஞ்சுகளுக்கு ஒரே அட்டையில் அனுமதி அளித்தது. வங்கிகள் இத்தகைய சேவைகளைத் தங்கள் உயர்வகைக் கடன் அட்டைகளுடன் இணைத்தன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2013ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் தன் முதல் செஞ்சூரியன் லவுஞ்சைத் திறந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பறப்பவரும், ஆண்டில் நூறு முறை பறப்பவரும் அங்கே ஒரே வரிசையில் நின்றனர்.

தகுதியின் பொருளும் மாறியது. 2022 மார்ச் முதல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த தொலைவுக்குப் பதிலாக விசுவாசப் புள்ளிகளைக் கொண்டு தகுதியைக் கணக்கிடத் தொடங்கியது. நிறுவனத்தின் பெயர் தாங்கிய கடன் அட்டையில் செய்யும் செலவும் அதில் சேரும். விமானத்தில் ஏறாமலேயே ஒருவர் உயர்நிலைத் தகுதியை எட்ட இது வழி செய்தது.

நெரிசலும் கட்டுப்பாடுகளும்

2020இல் கொரோனா பெருந்தொற்றால் உலகெங்கும் லவுஞ்சுகள் மூடப்பட்டன. பறக்க முடியாத உறுப்பினர்களின் தகுதிக் காலத்தைப் பல நிறுவனங்கள் நீட்டித்தன. பயணம் மீண்டும் பெருகியபோது, நீட்டிக்கப்பட்ட தகுதியினரும் கடன் அட்டைதாரர்களும் ஒருசேர வந்ததால், வாசலில் வரிசை நீளும் நிலை ஏற்பட்டது.

டெல்டா நிறுவனம் 2022இல், புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு முன் வருவோரை ஸ்கை கிளப்பில் அனுமதிப்பதை நிறுத்தியது. செஞ்சூரியன் லவுஞ்சுகளில், 2023 பிப்ரவரி முதல், ஆண்டுக்கு 75,000 டாலர் செலவழிக்காத அமெரிக்க அட்டைதாரர்கள் உடன் வரும் ஒவ்வொருவருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. 2023 செப்டம்பரில் டெல்டா அறிவித்த கடும் மாற்றங்கள் வாடிக்கையாளர்களிடையே பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. அந்நிறுவனம் அடுத்த மாதமே அவற்றில் சிலவற்றைத் தளர்த்தியது. ஆயினும், 2024 தொடக்கத்தில் அடிப்படைச் சிக்கனக் கட்டணப் பயணிகளுக்கான அனுமதி நின்றது. 2025 பிப்ரவரி முதல் குறிப்பிட்ட கடன் அட்டைகளுக்கான வருகை ஆண்டுக்கு 10 அல்லது 15 என வரையறுக்கப்பட்டது.

இந்தியாவும் இலங்கையும்

2014ஆம் ஆண்டு மே மாதம் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஒன்வேர்ல்டிலும், ஜூலையில் ஏர் இந்தியா ஸ்டார் அலையன்சிலும் இணைந்தன. அதன்பின் கட்டுநாயக்கவிலும் இந்திய நகரங்களிலும் இருந்து பறப்போரின் தகுதி அட்டைகள் உலகின் பல லவுஞ்சுகளில் செல்லுபடியாயின.

இத்தகுதி எவ்வளவு நிலையற்றது என்பதை ஜெட் ஏர்வேஸ் நிகழ்வு காட்டியது. 2019 ஏப்ரல் 17 அன்று அந்நிறுவனம் சேவையை நிறுத்தியதும், ஆண்டுக்கணக்கில் பறந்து சேர்த்த பிளாட்டினம் நிலை பயனற்றுப் போனது. மாறாக, 2024 நவம்பரில் விஸ்தாரா, ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது, எக்கூட்டணியிலும் இல்லாத நிறுவனமொன்றின் உறுப்பினர்கள் ஸ்டார் அலையன்ஸ் திட்டமொன்றுக்குள் வந்தனர். இரண்டு நிகழ்வுகளிலும் பயணிகளின் கையில் எதுவும் இல்லை.

இந்தியாவில் லவுஞ்சுகளைப் பரவலாக்கியவை வங்கி அட்டைகளே. உள்நாட்டு லவுஞ்சுகளில் கூட்டம் பெருகியதும், 2023 இறுதியிலிருந்து பெரிய வங்கிகள் பலவும் செலவு நிபந்தனை விதித்தன. முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் முதல் 1 லட்சம் ரூபாய் வரை அட்டையில் செலவழித்தால்தான் அனுமதி என்பது இத்தகைய நிபந்தனைகளில் ஒன்றாகும்.

தொடரும் அழைப்பு முறை

அழைப்பின் பேரில் மட்டும் அனுமதிக்கும் பழைய முறை முற்றிலும் மறையவில்லை. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் நடத்தும் சேர்மன்ஸ் லவுஞ்ச் இன்றும் அவ்வாறே இயங்குகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இவ்வுறுப்புரிமை வழங்கப்படுகிறது. அவர்கள் அதை நலன் பதிவேட்டில் குறிப்பிடுகின்றனர். 2023இல் கத்தார் ஏர்வேஸ் கூடுதல் விமானங்கள் இயக்கக் கோரிய அனுமதியை ஆஸ்திரேலிய அரசு மறுத்தபோது, விமானத்துறை பற்றி முடிவெடுப்போர் ஒரு விமான நிறுவனத்தின் விருந்தினராக இருக்கலாமா என்ற கேள்வி அங்கு வலுவாக எழுந்தது.

மதிப்பீடு

அழைப்பு, கட்டணம், பறந்த தொலைவு, செலவழித்த தொகை என லவுஞ்ச் வாசலின் அளவுகோல் மாறி வந்துள்ளது. ஒவ்வொரு மாற்றமும் முன்பு வெளியே நின்ற சிலரை உள்ளே விட்டது. உள்ளே கூட்டம் சேர்ந்ததும் புதிய நிபந்தனை ஒன்று வந்தது. உயர்நிலைத் தகுதி என்பது பயணியின் உடைமையன்று. அதை நிறுவனம் தான் வகுத்த விதிகளின்படி குறிப்பிட்ட காலத்துக்கு வழங்குகிறது. விதிகளை மாற்றும் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ஆகவே, ஒரே அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு விமான நிலையத்தில் திறக்கும் கதவு மற்றொன்றில் திறக்காமல் போகலாம். எத்திட்டத்தின் உறுப்பினர், எந்த நிறுவனத்தின் விமானம், உள்நாட்டுப் பயணமா பன்னாட்டுப் பயணமா, எவ்வகைக் கட்டணம் என்ற நான்கும் சேர்ந்தே அன்றைய அனுமதியைத் தீர்மானிக்கின்றன.